மச்சானுக்குச் சலாம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
9.6.1968

அன்புள்ள காக்காவுக்குத் தங்கச்சி றஹ்மாவின் சலாம்.

நானும் மகள் லைலாவும் அல்லாஹ்வின் உதவியால் சுகமாக இருக்கிறோம். நீங்களும் பரீதா மச்சியும் மாமியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க துஆச் செய்கிறேன். மாமிக்குக் கால் வீக்கம் குறைந்ததா? லைலா இரண்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள். போன கிழமை பல் ஒன்று விழுந்துவிட்டது, சிரிக்க வெட்கப்படுகிறாள்.

ஒரு காரியமாக இதை எழுதுகிறேன் காக்கா. வாப்பாவின் கப்பல் சாமான் கடை, வரிக் கந்தோரில் உங்கள் பெயரிலும் லைலாவின் வாப்பா பெயரிலும் கூட்டு வியாபாரமாகப் பதிந்திருக்கிறது. அதைத் தனியாள் வியாபாரம் என்ற வகைக்கு மாற்றினால் வரி குறையும் என்று விசாரித்து அறிந்தேன். படிவம் இதனுடன் வைத்திருக்கிறேன். ஒரு கையெழுத்து வாங்கியாயிற்று. கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டு, அடுத்த மாதம் முடியுமுன் அனுப்பிவிடுங்கள். பெயர் எழுத வேண்டிய இடத்தை இங்கே நிரப்பிக்கொள்வேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உங்கள் தங்கச்சி,
றஹ்மா

*

காத்தான்குடி,
20.6.1968

அன்புத் தங்கச்சி றஹ்மாவுக்கு ஸுஹைர் காக்காவின் சலாம்.

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். மாமியின் கால் வீக்கம் குறைந்து, வாய் மட்டும் பழையபடி இருக்கிறது. லைலாவின் பல்லைக் கூரையில் எறிந்தாயா?

உன் கடிதம் வழக்கம்போல மாமியின் கையில்தான் முதலில் கிடைத்தது. முன் விறாந்தையில் எல்லோரையும் இருத்தி, பரீதாவை வாசிக்கச் சொன்னார். பெண்சாதி வீட்டில் குடியேறிய மாப்பிள்ளைக்கு வரும் கடிதம் பொதுச் சொத்து என்பது உனக்குத் தெரிந்த கதைதான். அவருடைய மகன் உன் மாப்பிள்ளை, மகள் என் பெண்சாதி. ஒரே நாளில் இரண்டு நிக்காஹ் நடத்திய மனுசி, மகன் நடத்தும் கடையைப் பற்றிய கடிதம் என்றால் விடுவாரா? இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

நான் மூன்றாம் தரமும் தனியே வாசித்தேன். தனியாள் வியாபாரம் என்று எழுதியிருக்கிறாய். எந்த ஆள் அந்தத் தனியாள்? பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருக்கிறது. வெறும் கடதாசியில் கையெழுத்துப் போட நான் என்ன மடையனா? வரிக் கந்தோரில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் துறைமுக வாசலில் பாஸ் கொடுப்பார்கள், கப்பல் ஏஜென்சிக்காரனும் அவரிடம்தான் சாமான் வாங்குவான். பெயர் போனால் கடை போனது போலத்தான். மச்சான் அபூதாஹிர் கெட்டிக்காரர். வாப்பா மௌத்தாகி இரண்டு வருடம் முடியுமுன் என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டேன், கோபிக்காதே.

கையெழுத்துப் போடவில்லை. மச்சானுக்கு என் சலாத்தைச் சொல்.

காக்கா

*

திருகோணமலை,
2.7.1968

அன்புள்ள காக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். பல்லைக் கூரையில்தான் எறிந்தோம், அது உருண்டு திரும்பவும் முற்றத்தில் விழுந்தது. லைலா அழுதாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: பெயர் எழுதும் இடத்தில் என் பெயர் வரும். வேறு யாருடைய பெயரும் வராது. உங்கள் பங்கு இலாபம் பெருநாளுக்குப் பெருநாள் வருவது போலவே வரும், அதற்கு என் வாக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

கடையில் வேலை முன்னைப்போலத்தான் நடக்கிறது. கப்பல் குசினிக்காரர்கள் ஹலால் இறைச்சிக்கும் நான் ஊறப்போடும் அச்சாற்றுக்கும் வருகிறார்கள். நம் கடை இராசையா கைவண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு துறைமுக வாசல் வரைக்கும் போகிறார். நான் கதவுக்குப் பின்னால் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

காக்கா, நீங்கள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தின் விலாசத்தை எழுதி அனுப்புவீர்களா? ஒரு தேவை இருக்கிறது.

றஹ்மா

*

காத்தான்குடி,
16.7.1968

றஹ்மாவுக்கு,

சுகம். நீயும் அப்படி இருக்க வேண்டும்.

உன் கடிதம் வாசித்த நாளிலிருந்து இந்த வீட்டில் வேறு கதை இல்லை. பெண் பிள்ளை பெயரில் கப்பல் கடையா என்று மாமி தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறார். வாப்பா எப்படிச் செய்தார்? வீட்டை உனக்குச் சீதனமாக எழுதினார், வீட்டின் முன் அறையில் இருக்கும் கடையை எனக்கும் மருமகனுக்கும் எழுதினார். அதுதான் எங்கள் ஊர் வழக்கம். இப்போது வீடும் உனக்கு, கடையும் உனக்கா? உன் முந்தானைக்குப் பின்னால் மச்சான் நிற்கிறார் என்பது எனக்குத் தெரியாதா?

இன்னொன்று. நேற்று மட்டக்களப்புக்குப் போய், வரி விஷயம் தெரிந்த ஒருவரிடம் விசாரித்தேன். அவர் முதலில் சொன்னதே இதுதான்: “வகைய ஒருக்கா மாத்தினா அஞ்சு வருஷத்துக்குத் திரும்பத் தொட ஏலாது மாஸ்டர். நினைச்ச நினைச்சபடி மாத்திக் கொண்டிருந்தா கந்தோர்க்காரன் என்னத்துக்கு இருக்கான்?” இந்த ஐந்து வருடக் கதையை நீ ஒரு சொல் எழுதவில்லையே! மறந்துபோனாயா, மறைத்தாயா?

அதோடு, பள்ளிக்கூட விலாசம் எதற்கு? வீட்டுக்கு வரும் கடிதம் போதாதா? அதிபருக்கு என்னைப் பற்றி ஏதும் எழுதப் போகிறாயா? விலாசம் தர மாட்டேன்.

மச்சானுக்குச் சலாம். இதை அவரும் வாசிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஸுஹைர்

*

திருகோணமலை,
11.8.1968

அன்புள்ள காக்காவுக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது. லைலாவுக்குக் காய்ச்சல். இப்போது கஞ்சி குடிக்கிறாள்.

ஓம், ஐந்து வருட விதி எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். ஐந்து வருடத்துக்கு யாரும் வந்து கை வைக்க முடியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதை எழுதாமல் விட்டது என் பிழை.

மற்றதெல்லாம் கடிதத்தில் எழுதுகிற கதை இல்லை. பாடசாலை விடுமுறை இந்த மாதம் இருக்கிறதே, ஒரு நாள் வந்து போங்கள். வந்து வீட்டில் இருந்து ஒரு பிடி சோறு தின்னுங்கள். பிறகு கையெழுத்துப் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

நீங்கள் வரும் வழியைப் பார்த்திருக்கும்
றஹ்மா

*

காத்தான்குடி,
25.9.1968

றஹ்மாவுக்கு,

எல்லோரும் சுகம். விடுமுறையில் வர ஏலவில்லை. பரீட்சைக் கடதாசி திருத்தும் வேலை தலைக்கு மேல். சோறு தின்ன வைத்துக் கையெழுத்து வாங்கும் விருந்துகளை நானும் கண்டிருக்கிறேன் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

நான் மச்சானைப் பற்றி நினைத்ததெல்லாம் பிழை. போன வெள்ளிக்கிழமை அவரே இங்கு வந்தார். புதுச் சறம், அத்தர் மணம், பிள்ளைகளுக்கு மஸ்கற் இனிப்பு. மாமி கோழி அறுத்தார். தாயும் மகனும் குசினியில் நெடுநேரம் குசுகுசுவென்று கதைத்தார்கள். என்ன கதை என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. பிறகு அவர் வந்து என் பக்கத்தில் இருந்தார்.

“மச்சான், உங்கட தங்கச்சி என்னட்டக் கையெழுத்து வாங்கிப் போட்டா. நானும் வீட்டுச் சமாதானத்துக்குப் போட்டுக் குடுத்தனான். இப்ப யோசிச்சா பயமா இருக்கு. அரசாங்கக் கச்சேரியில தட்டெழுத்து வேலை செய்யிற பக்கத்து வீட்டு குணேஸ்வரிதான் எல்லாத்துக்கும் ஆலோசனை. நாளைக்கு நீங்களும் நானும் துறைமுக வாசல்ல நின்டு பாத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்” என்றார்.

கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கியது. நீ வெற்றிடம் விட்டு அனுப்பியது, ஐந்து வருடத்தை மறைத்தது, பள்ளிக்கூட விலாசம் கேட்டது எல்லாவற்றுக்கும் காரணம் இப்போது தெரிகிறது. சொந்த மாப்பிள்ளையையும் கூடப் பிறந்தவனையும் ஒரே வீச்சில் வெட்டப் பார்த்தாய். எனக்கு மனம் நொந்துபோயிற்று.

மச்சான் ஒரு வழி சொல்கிறார். கடையைக் கம்பனி வகைக்கு மாற்றினால் அவரும் நானும் சரிபாதி, ஒருவரை ஒருவர் கழற்ற ஏலாது. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஸுஹைர்

*

திருகோணமலை,
1.10.1968

காக்கா,

சுகம் விசாரிக்க நேரமில்லை, மன்னியுங்கள். இந்தக் கடிதம் யார் கையில் கிடைத்து யார் வாசித்தாலும் பரவாயில்லை.

அவரோடு சேர்ந்து எந்தக் கடதாசியிலும் கையெழுத்துப் போட வேண்டாம். என் படிவத்தில் போட விருப்பமில்லாவிட்டால் விடுங்கள், அதைக் கிழித்துப் போடுங்கள். கடை இருந்தபடி கூட்டாகவே இருக்கட்டும். மாற்றுவதற்கு ஒரே ஒரு தரம்தான் இருக்கிறது. அதைச் செலவழித்துவிட வேண்டாம். முதலில் ஒருக்கால் இங்கே வாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

றஹ்மா

*

காத்தான்குடி,
4.11.1968

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். இங்கே மழை தொடங்கிவிட்டது. உன் ஒக்டோபர்க் கடிதம் என் கைக்கு இரண்டு கிழமை பிந்தித்தான் வந்தது. அலுமாரிக்கு மேலே வைத்து மறந்துவிட்டதாக மாமி சொன்னார்.

அது கிடைக்கும்போது காரியம் முடிந்துவிட்டது. மச்சானும் நானும் திருகோணமலை வரிக் கந்தோருக்குப் போய்க் கம்பனி வகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். கந்தோரில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி எங்கள் இருவரையும் பார்த்து, “வடிவா யோசிச்சுத்தானே? இனி எழுபத்து மூன்றாம் வருஷம் வரைக்கும் ஒருத்தரும் மாத்த ஏலாது” என்று கேட்டார். அதுதான் எங்களுக்கும் வேண்டும் என்று நானே சொன்னேன். அன்றைக்குத்தான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

ஊருக்கு வந்தும் வீட்டுக்கு வரவில்லை என்று கோபிக்காதே. வர நினைத்தேன். “அவ இப்ப கோவத்தில இருக்கா, போனா வாசல்ல வைச்சுச் சண்டைதான்” என்று மச்சான் தடுத்துவிட்டார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புரியாணி வாங்கித் தந்து ஏற்றிவிட்டார்.

உன் பங்கை நான் சாப்பிட மாட்டேன். வாப்பாவின் கடையைக் காப்பாற்றத்தான் இதைச் செய்தேன். மச்சானுக்குச் சலாம், லைலாவுக்கு முத்தம்.

காக்கா

*

காத்தான்குடி,
22.12.1968

றஹ்மாவுக்குப் பெருநாள் சலாம்.

நோன்பு முழுவதும் உன் கடிதத்தைப் பார்த்திருந்தேன். பெருநாளும் முடிந்துவிட்டது. ஒரு வரி இல்லை. மச்சானும் பெருநாளுக்கு இலாபம் கொண்டு வருவதாகச் சொன்னவர் வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துவிட்டீர்களா? இதுவும் ஒரு நாடகமா என்று யோசிக்கிறேன். பரீதா நான்கு நாளாக என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. கேட்டால் கண்ணைத் துடைக்கிறாள். எல்லோருக்கும் ஏதோ தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது போலிருக்கிறது.

எழுது. ஏசியாவது எழுது.

ஸுஹைர்

*

திருகோணமலை,
19.1.1969

காக்காவுக்கு,

நீங்கள் தராத பள்ளிக்கூட விலாசத்தை குணேஸ்வரி அக்கா கச்சேரியில் விசாரித்து எடுத்துத் தந்தாள். ஆகையால் இதை முதலில் வாசிக்கிறவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அதற்காகத்தான் அன்றைக்குக் கேட்டேன்.

லைலாவின் வாப்பா போன மே மாதம் இந்த வீட்டை விட்டுப் போய்விட்டார். மூதூரில் ஒரு பெண்ணை நிக்காஹ் செய்திருக்கிறார். போகிற அன்று, பிள்ளைக்காக என்று நான் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டார். மூதூர் போகிற லாஞ்சுப் படகில் ஏறிய பிறகுதான், கடைப் பெயர் போனால் துறைமுக வாசல் பாசும் போகும் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். இது மாமிக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். உங்களுக்கு எழுதினால் அந்த விறாந்தையில் பரீதா மச்சி உரத்து வாசிப்பாள், தன் காக்கா செய்ததைத் தன் வாயாலேயே வாசிப்பாள். பிறகு உங்கள் வாழ்க்கையிலும் கை வைப்பார்கள் என்று பயந்தேன். இரண்டு நிக்காஹும் ஒரே பாயில் நடந்தவை.

நீங்கள் கடிதத்துக்குக் கடிதம் மச்சானுக்குச் சலாம் எழுதினீர்கள். நான் எழுதிய ஒரு கடிதத்திலாவது அவருடைய சலாம் இருந்ததா? அவர் சுகம் என்று எழுதினேனா? எல்லாவற்றிலும் சந்தேகப்பட்ட உங்களுக்கு அந்த ஒன்றில் மட்டும் சந்தேகம் வரவில்லையே காக்கா. வரிக் கந்தோரிலிருந்து நம் வீட்டு வாசலுக்கு நடந்து வந்திருந்தால், கொடியில் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றும் இல்லை என்பதையாவது கண்டிருப்பீர்கள். அன்றைக்கு நீங்கள் புரியாணி தின்றதை இராசையா கண்டு வந்து சொன்னார். அந்த இரவு நான் அழுதது போல வாப்பா மௌத்தான அன்றும் அழவில்லை.

நவம்பரில் அவர் கம்பனி டிரெக்டராக வந்தார். வாப்பாவின் கதிரையில் இருந்து, யாரோ கடைச் சிறுமியிடம் சொல்வது போல லைலாவிடம் தண்ணீர் கேட்டார். பிள்ளை ஓடிப் போய்க் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, “வாப்பா, இனிப் போக மாட்டீங்கதானே?” என்று கேட்டாள். பின்னேர லாஞ்சுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போனார். அடுத்த கிழமையும் வந்தார். இப்படி எழுபத்து மூன்று வரைக்கும் வருவார், நான் கதவுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த உரிமையை அவருக்கு எழுதிக் கொடுத்தது நீங்கள்.

நான் குணேஸ்வரி அக்காவைக் கூட்டிக்கொண்டு வரிக் கந்தோருக்குப் போனேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தக் கண்ணாடிக்காரரிடம் நேரே கேட்டேன். “ஏலாது தங்கச்சி, கம்பனியத் தொட ஏலாது” என்றார். “அப்ப நான் புதுசா ஒரு வியாபாரம் தொடங்க ஏலுமா?” என்றேன். அவர் சிரித்தார். பழைய வியாபாரத்தின் வகையை மாற்றத்தான் தடையாம், புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒரு தடையும் இல்லையாம். கடை இருக்கும் அறை யாருடையது என்று கேட்டார். சீதன உறுதிப் பத்திரத்தை மடியிலிருந்து எடுத்து வைத்தேன்.

உங்கள் கம்பனிச் சாமான் முழுவதையும், கயிறு, தார் டின், அரிக்கன் லாம்பு எல்லாவற்றையும் இராசையாவின் கைவண்டியில் ஏற்றி மூதூர் லாஞ்சில் போட்டுவிட்டேன். பழைய பெயர்ப் பலகையையும் கட்டிக் கொடுத்தேன். அடுத்த கிழமை அவர் வந்தபோது முன் அறையில் வேறு கடை இருந்தது. இறைச்சியும் மரக்கறியும் அச்சாறும் வைத்திருக்கிறேன். புதுப் பாஸ் என் பெயரில் வந்துவிட்டது. கப்பல் குசினிக்காரர்கள் பலகையை நிமிர்ந்தும் பார்க்கவில்லை, நேரே வந்து அச்சாறு கேட்டார்கள். கதவுக்குப் பின்னால் நிற்பதை விட்டுவிட்டேன்.

கம்பனி உங்களுடையது. நீங்களும் அவரும் ஐந்து வருடம் நடத்துங்கள். அவரிடமிருந்து பிரிவு கேட்டுக் காதியாரிடம் நான் போட்ட வழக்கு போன மாதம் தொடங்கியிருக்கிறது.

றஹ்மா

*

காத்தான்குடி,
9.2.1969

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் நின்றபடியே வாசித்தேன். அடுத்த பாடத்துக்கு வகுப்புக்குப் போக ஏலவில்லை.

வீட்டுக்குக் கொண்டு வந்து முன் விறாந்தையில் எல்லோரையும் இருத்தினேன். இந்த முறை நானே வாசித்தேன். பாதியில் மாமி எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். “இருங்க மாமி, உங்கட மகன்ட கடைக் கதைதான்” என்றேன், திரும்பிப் பார்க்கவில்லை. பரீதா கடைசி மட்டும் இருந்து கேட்டாள். டிசம்பரில்தான் அவளுக்குத் தெரிய வந்ததாம், சொன்னால் நான் அவளைத் தலாக் சொல்லிவிடுவேன் என்று பயந்தாளாம். நீ எனக்காகப் பயந்திருக்கிறாய், அவள் என்னால் பயந்திருக்கிறாள். நான் எப்படிப்பட்ட மனிசன் என்று நீங்கள் இரண்டு பெண்களும் எனக்குக் காட்டிவிட்டீர்கள்.

கம்பனிக்கு வரிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, கடை எங்கே என்று கேட்டு. என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. மச்சானிடம் கேட்கலாம் என்றால் அவர் மூதூரில் இல்லை என்கிறார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பரீதாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா? என்னை மன்னி என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மன்னி.

உன் சுகத்தை எழுது. லைலாவின் சுகத்தை எழுது.

காக்கா

*

திருகோணமலை,
17.2.1969

அன்புள்ள காக்காவுக்கு,

நான் சுகம். லைலா சுகம், புதுப் பல் முளைத்துவிட்டது.

எல்லோரும் வாருங்கள். மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் பின் அறையை ஒதுக்கி வைக்கிறேன். நீங்கள் வாப்பாவின் கதிரையில் இருக்கலாம், அதைக் கம்பனியோடு அனுப்பவில்லை.

ஒன்று மட்டும். வரும்போது எந்தக் கடதாசியும் கொண்டு வர வேண்டாம், சட்டைப் பையில் பேனையும் வேண்டாம். வாசலில் இராசையா பார்ப்பார். நான்தான் பார்க்கச் சொன்னேன்.

உங்கள் தங்கச்சி,
றஹ்மா